புது டயர் முன்னால்

அருள்ஜோசப்பின் பட்டறை வாசலில் லாரியை நிறுத்திய பிறகும் கரியப்பன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். கீழே மூன்று பேர் நின்றார்கள். மூவரில் ஒருத்தருக்கும் அவனைக் கண்டால் ஆகாது.

முதலாவது ஆள் லாரியின் சொந்தக்காரர் ஆஞ்சப்பன். சூளகிரிக்காரர், தைலமரம் வெட்டி ஏற்றும் காண்டிராக்டர். இரண்டாவது, அவருடைய அக்கா மகன் மாதவன். இருபத்தாறு வயசு, கனரக லைசென்ஸ் எடுத்து எட்டு மாசம், அந்த எட்டு மாசமும் கரியப்பனின் இருக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன். மூன்றாவது, பட்டறைக்காரன் அருள்ஜோசப். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மூக்கண்டப்பள்ளிக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மாறாதவன். அவனுக்குக் கரியப்பன் மேல் ஒரு தனிக் கணக்கு இருந்தது. அருள்ஜோசப் வண்டிகளில் போடும் கிராஸ் என்ற சாமான் எல்லாம் டூப்ளிகேட் என்று டீக்கடையில் நாலு டிரைவர்கள் நடுவே கரியப்பன் சொல்லியிருந்தான். அது ஒரே வாரத்தில் பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தது.

வண்டி ராணுவ ஏலத்தில் எடுத்தது. மற்ற லாரிகளில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். இதில் கியர் பக்கத்தில் இன்னொரு லீவர் உண்டு. அதைப் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். என்ஜினின் பலத்தை முன் அச்சுக்குக் கொண்டுபோக ஒரு நீள இரும்புத் தண்டு அடியில் ஓடுகிறது. அதுதான் முன் ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு. அதுதான் கிராஸ். ஆயுத பூஜைக்குப் பிறகு ஐந்து மாசத்தில் மூன்று கிராஸ் போய்விட்டது. மூன்றாவது தடவை ஜவளகிரிக் காட்டு ஏற்றத்தில் ஷாஃப்ட் கழன்று தரையில் குத்தி, லோடு வண்டி பின்னால் உருண்டு ஒரு மரத்தில் முட்டி நின்றது. இப்போது நாலாவதும் ஆட ஆரம்பித்திருந்தது.

ஆஞ்சப்பன் வழியெல்லாம் போனில் சொன்னதை நேரிலும் சொன்னார். அருள்ஜோசப் இன்றைக்குப் பிரித்துப் பார்க்கட்டும். டிரைவர் தப்பு என்று அவன் சொன்னால் இங்கேயே, இந்த நிமிஷமே, மாதவன் ஏறி உட்காருவான். கரியப்பன் பஸ் ஏறி ஜவளகிரி போய்ச் சேரலாம்.

"தார் ரோட்டுலயும் லீவரப் போட்டுகினே ஓட்டுற. எடுக்கச் சோம்பேறித்தனம். வேற என்னா?"

கரியப்பன் இறங்கினான். வயசு ஐம்பத்தொன்று. இந்தத் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி வாசலிலும் நாற்பத்தைந்துக்கு மேல் டிரைவர் எடுப்பதில்லை. செக்யூரிட்டி வேலைக்குத்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாகக் காட்டு இறக்கத்தில் இந்த வண்டியை இறக்கி ஏற்றியவன், நீலச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் நின்று கார்களுக்குச் சலாம் போட வேண்டும். அவனுக்கு நினைக்கும்போதே வாய் கசந்தது. பெண்சாதி சென்னம்மா ரோஜா பண்ணையில் பூ தரம் பிரிக்கிறாள். அவளும் காலையில் அதைத்தான் சொன்னாள், வாயை மூடிக்கொண்டு போ, ஓனர் திட்டினால் திட்டு வாங்கிக்கொள், இருக்கையை விட்டுவிடாதே என்று.

அருள்ஜோசப் வண்டியின் அடியில் நுழைந்தான். ஷாஃப்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினான். கிணுக் கிணுக் என்று சத்தம் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. முன் முனையின் போல்ட்டுகளைக் கழற்றிக் கிராஸை உருவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். மூடியைத் தட்டியதும் உள்ளே ஊசி ஊசியாக இருக்க வேண்டிய உருளைகள் சிவப்புப் பொடியாகக் கொட்டின.

"கிரீஸ் அடிச்சீரா?" என்று கேட்டான்.

வாரம் தவறாமல் அடித்ததாகக் கரியப்பன் சொன்னான். அருள்ஜோசப் மூடியின் உட்புறத்தை விரலால் வழித்துப் பார்த்தான். கிரீஸ் இருந்தது, கறுத்து, எரிந்த வாசனையோடு. அடுத்து முன் அச்சின் அடியில் இருந்த திருகைத் திறந்து ஆயிலை ஒரு டப்பாவில் பிடித்தான். வெயிலில் டப்பாவைச் சாய்த்தபோது ஆயிலுக்குள் இரும்புத் தூள் மினுமினுத்தது. மாதவன் எட்டிப் பார்த்து, மாமா, உள்ளே கியர் பல்லும் தேயுது என்று ரொம்ப வருஷம் பட்டறை பார்த்தவன் போலச் சொன்னான். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

"எத்தனை நாளா லீவர் மாட்டிக்கிடுது?" அருள்ஜோசப்பின் கேள்வி கரியப்பனுக்குத் திடுக்கென்றது.

அதை அவன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. காட்டை விட்டுச் செக்போஸ்டில் தார் ரோடு ஏறியதும் லீவரை எடுக்கப் பார்த்தால் அது வராது. இரண்டு கையாலும் இழுத்தாலும் வராது. ஊருக்குள் அரை மைல் அப்படியே ஓட்டிக்கொண்டு போய், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைக்கும்போது வண்டியை ரிவர்ஸில் எடுப்பான். பத்தடி பின்னால் போனதும் டக் என்று லீவர் தானாக விழும். இதை ஆஞ்சப்பனிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று அவனுக்குத் தெரியும்.

சொன்னான். ஆஞ்சப்பன் கையைத் தட்டினார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிடும். கன்னடத்தில் கரியப்பனின் அப்பாவைப் பற்றியும், பிறந்த நேரத்தைப் பற்றியும், தின்ற சோற்றைப் பற்றியும் ஒரு மூச்சுச் சொன்னார். கர்நாடக எல்லையோர ஜவளகிரிக்காரன் கரியப்பனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அருள்ஜோசப்புக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டு முடியும்வரை கழிவுத் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவனே ஒத்துகினான். போதுமா?" என்று ஆஞ்சப்பன் தமிழுக்குத் திரும்பினார். "மாதவா, ஏறுடா."

மாதவன் படியில் கால் வைத்துவிட்டான்.

"ஏறட்டும். ஆனா நான் இன்னும் பாத்து முடிக்கலியே" என்றான் அருள்ஜோசப்.

"இன்னும் என்னா பாக்கணும்?"

"லீவர் மாட்டுதது வியாதி இல்ல அண்ணாச்சி. அது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் எதுனால வந்துச்சுன்னுதான் பாக்கணும்." பிறகு கரியப்பன் பக்கம் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "உம்மக் காப்பாத்துததுக்குச் சொல்லல வே. டூப்ளிகேட்டுன்னு சொன்னீரே, அதுக்காகப் பாக்கேன்."

புதுக் கிராஸ் ஒன்றைப் போட்டு ஷாஃப்டை மாட்டினான். டப்பாவைத் தள்ளிவைத்து, அச்சில் புது ஆயில் ஊற்றித் திருகை மூடினான். ஒரு மணி நேரம் ஆனது. ஆஞ்சப்பன் நிழலில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் அருள்ஜோசப் கரியப்பனை ஏறச் சொன்னான். பட்டறை முன்னால் ஓடும் தொழிற்பேட்டை ரோடு சிமெண்ட் போட்டது, கோடு பிடித்த மாதிரி நேராகப் போகும். லீவரைப் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கமும் ஒடிக்காமல், தூரத்தில் பூட்டிக் கிடந்த நட்டு போல்ட்டுக் கம்பெனி கேட் வரை போய் நிறுத்தச் சொன்னான். நாற்பது மீட்டர் இருக்கும்.

கரியப்பன் ஓட்டினான். முப்பதாவது மீட்டரிலேயே வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல முனக ஆரம்பித்தது. நிறுத்தி லீவரை இழுத்தான். வரவில்லை.

அருள்ஜோசப் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து முன் இடது சக்கரத்தின் பக்கம் வைத்து அடித்தான். எல்லோரும் தள்ளி நிற்கும்படி சொன்னான். டயர் தரையை விட்டு ஒரு விரல் எழும்பியதும் சக்கரம் யாரும் தொடாமலே படக்கென்று கால் சுற்றுச் சுழன்று நின்றது. மாதவன் ஒரு அடி பின்னால் குதித்தான். வண்டிக்குள் லீவர் டக் என்று விழுந்த சத்தம் கேட்டது.

அருள்ஜோசப் குந்தி உட்கார்ந்து அந்தச் சக்கரத்தையே பார்த்தான். நேர் ரோடு, வளைவு இல்லை, நாற்பது மீட்டர். அதற்குள் இரும்பு இவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்றால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் ஓட மாட்டேன் என்கின்றன. லீவர் போட்டால் இரண்டும் ஒன்றாகக் கட்டிப்போட்ட மாதிரி. ஒத்துப் போகாவிட்டால் நடுவில் இருக்கிற மெல்லிய சாமான்தான் உடையும். கிராஸ்தான் மெல்லிசு. அவன் இதையெல்லாம் உரக்கச் சொல்லவில்லை. தன்னிடமே கோபப்பட்டவன் மாதிரி எழுந்து முன் டயரில் கையை வைத்தான். பின் டயரில் கையை வைத்தான். மறுபடி முன் டயருக்கு வந்தான்.

அந்தக் கை எதைத் தேடுகிறது என்று கரியப்பனுக்கு அப்போதே பிடிபட்டது.

அருள்ஜோசப் ஒரு சாக்பீஸ் எடுத்து வந்தான். முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு கோடு இழுத்தான். லீவர் இல்லாமல், முன் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை மெல்ல உருட்டச் சொன்னான். கரியப்பன் உருட்ட, அவன் கூடவே நடந்தபடி எண்ணினான். பத்து என்று கையைத் தூக்கியபோது முன் டயரின் கோடு கீழே தரையில் சரியாக நின்றது. பின் டயரின் கோடு கீழே இல்லை. அது பத்தாவது சுற்றை எப்போதோ முடித்துக் கீழிருந்து கால் பங்கு தாண்டிப் போயிருந்தது.

"பின் டயரு சின்னது" என்றான். "முன்னாடி ரெண்டும் புதுசு. பின்னாடி ரெண்டும் ரெண்டு தடவ மேல ரப்பர் ஒட்டி ரீட்ரெட் பண்ணினது, அதும் தேஞ்சு கெடக்கு. பத்துச் சுத்துக்கு ரெண்டரை அடி வித்தியாசம். இதுல லீவரப் போட்டா தார் ரோடு மட்டும் இல்ல, கெட்டித் தரை எதுலயும் முறுக்கிக்கிடும். சேத்துல மட்டுந்தான் வழுக்கித் தப்பிக்கும். நாலு கிராஸ் இல்ல, நாப்பது போட்டாலும் போவும்."

ஆஞ்சப்பன் நம்பவில்லை. எந்த லாரியில் பார்த்தாலும் புது டயர் முன்னால்தானே போடுகிறார்கள் என்றார். அது சாதா லாரிக்குச் சரி என்றான் அருள்ஜோசப். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது, ஆள் போய்விடுவான்; அதனால் கிருஷ்ணகிரி ரோட்டில் ஓடுகிற ஒவ்வொருத்தனும் புதுசை முன்னால்தான் போடுவான். இது சாதா லாரி இல்லை. இதற்கு நாலும் ஒரே உயரம் வேண்டும்.

"டயர் போட்டது யாரு?" என்றார் ஆஞ்சப்பன். அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சூளகிரி டயர் கடைக்கு வண்டியோடு மாதவனை அனுப்பியிருந்தார். கரியப்பன் நாலு டயர் கேட்ட இடத்தில் அவர் இரண்டுதான் வாங்கிக் கொடுத்தார். அதை மட்டும் அவர் ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை. "நீதானடா போன?"

மாதவன் திருதிருவென்று விழித்தான். அன்றைக்கு அவன் டயர் கடைக்கு எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் போன் பேசிக்கொண்டிருந்தது, வண்டியை ஓட்டிப்போயிருந்த கரியப்பனுக்குத் தெரியும். கடைக்காரன் புது டயர்களைப் பின்னால் உருட்டிக்கொண்டு போனபோது, நிறுத்துங்க, முன்னாடி போடுங்க, என்ன கடை வச்சிருக்கீங்க என்று அவனை அதட்டியதும் கரியப்பன்தான். பதினைந்து வருஷம் ஹைவேயில் சாதா லாரி ஓட்டிய கை. யோசிக்கவே இல்லை. பெருமையாக வேறு இருந்தது. பூஜையன்று முன்னால் இரண்டும் கறுப்பாகப் பளபளத்தன, பொட்டு வைத்தான்.

இப்போது அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மாதவன் தலையில் விழுந்துவிடும். இருக்கை தப்பிவிடும். சென்னம்மா சொன்னதும் அதுதான். அவன் லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். இரண்டு மணி ஷிஃப்டு முடிந்து கம்பெனி பஸ் ஒன்று பெண்பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போனது. ஆஞ்சப்பன் மாதவனை நெருங்கி, என் அக்கா உன்னைப் பெற்றதற்கு ஒரு எருமை வாங்கியிருக்கலாம் என்றார். பஸ் ஜன்னலிலிருந்து இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாதவன் முகம் சிவந்தது.

"ஆமா, நான்தான் முன்னாடி போடச் சொன்னேன்" என்றான் மாதவன் விறைப்பாக. "லாரின்னா புதுசு முன்னாடிதான் மாமா. மெக்கானிக்கே சொல்றாரு. எனக்கு லாரியப் பத்தித் தெரியாதா? டயர்காரன் தப்பாப் போட வந்தான், நான்தான் புடிச்சு நிறுத்துனேன்."

அருள்ஜோசப் சிரித்தான். கரியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டிலிருந்து தப்பிக்கப் பொய் சொன்னால்கூடப் பரவாயில்லை. இவன் சொல்வது அதில்லை. கரியப்பனின் வாயிலிருந்து வந்த வார்த்தையை, பதினைந்து வருஷம் ஹைவேயில் தூங்காமல் கற்ற ஒன்றை, ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தவன் எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொள்கிறான். தப்புதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்வதற்கும் ஒரு டிரைவர் வேண்டுமே.

"இவன் சொல்லல" என்றான் கரியப்பன். "இவனுக்கு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் வித்தியாசம் தெரியாது. நான் சொன்னேன். முன்னாடி போடுன்னு நான்தான் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

ஆஞ்சப்பன் முதலில் மாதவனின் பிடறியில் ஒன்று வைத்தார், பொய்க்கு. பிறகு கரியப்பன் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை கன்னடம் வரவில்லை. குரலும் ஏறவில்லை.

"எறங்கின எடத்துலயே நில்லு. இனி இந்த வண்டியத் தொடாத."

"நாலு டயர் கேட்டேன். ரெண்டு குடுத்தீங்க. அதையும் சொல்லிட்டுத் தொடாதன்னு சொல்லுங்க."

"மாதவா, ஏறு."

மாதவன் ஏறவில்லை. பிடறியைத் தடவிக்கொண்டு நின்றவன், ஆயில் டப்பாவைப் பார்த்தான். தூக்கியதும் தானாகச் சுழன்ற சக்கரத்தைப் பார்த்தான். ஷாஃப்ட் தரையில் குத்திய அன்றைக்கு அவன் அந்த ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் பைக்கில் வந்துகொண்டிருந்தவன். மரத்தில் முட்டாமல் இருந்திருந்தால் வண்டி அவன் மேல்தான் வந்திருக்கும்.

"எனக்கு வேணாம் மாமா. பொம்பளைங்க பாக்கத் திட்டுறீங்க, அடிக்கிறீங்க, இந்தக் கழுத வண்டிக்காகவா? பேக்டரி கேப் ஓட்டிக்கறேன். ஏசி வண்டி." தன் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஆஞ்சப்பன் அவன் போன திசையில் நாலு அடி நடந்து கத்தினார். திரும்பி வந்தார். நாளை மறுநாள் காட்டிலிருந்து மூன்று லோடு இறங்க வேண்டும். வனத்துறைப் பர்மிட் அதோடு முடிகிறது. அந்தக் காட்டு இறக்கத்தில் லாரியை இறக்கத் தெரிந்தவர்கள் தளி வட்டாரத்தில் கரியப்பனோடு இரண்டு பேர், இன்னொருத்தன் போன வருஷமே பெங்களூரு பக்கம் போய்விட்டான். இது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ள ஆஞ்சப்பனுக்கு மனம் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். கடைசியில் அருள்ஜோசப்பைப் பார்த்துச் சொன்னார், பின்னால் போட இரண்டு டயர் நாளைக் காலை பத்து மணிக்கு வந்துவிடும், முன்னால் இருப்பதன் உயரத்துக்கு அளந்து வாங்கி வரச் சொல்கிறேன், அவனை இங்கே வந்து நிற்கச் சொல் என்று.

"அந்தா நிக்காரே. நீங்களே சொல்லுங்க" என்றான் அருள்ஜோசப்.

ஆஞ்சப்பன் கரியப்பனைப் பார்க்கவில்லை. தன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கரியப்பன் லாரியின் நிழலில் நின்றான். வேலை போகவில்லை. வேலை கொடுக்கப்படவும் இல்லை. நாளைப் பத்து மணிக்கு அவன் இங்கே நின்றால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். ஓனர் வாயைத் திறந்து வா என்று சொல்ல மாட்டார். லோடு இறங்கின மறுநாள் வேறு ஆளைத் தேட ஆரம்பித்துவிடுவார், அது உறுதி.

அருள்ஜோசப் மறுபடி ஷாஃப்டுக்கு அடியில் போனான். டயர் வரும்வரை யாராவது தெரியாமல் லீவரைப் போட்டுத் தொலைத்தால் புதுக் கிராஸும் போகும், அதனால் கழற்றி வைக்கிறேன் என்றான். கூப்பிடாமலே கரியப்பனும் படுத்து உள்ளே நுழைந்தான். இரண்டு முனையின் போல்ட்டுகளையும் ஒருத்தன் பிடிக்க ஒருத்தன் திருகினான்.

"டீக்கடையில போயிச் சொல்லணும்" என்றான் அருள்ஜோசப். "கிராஸு டூப்ளிகேட் இல்ல, டயருதான் கோளாறுன்னு. எந்த வாயால சொன்னீரோ அதே வாயால."

"சொல்றேன். மூணு தடவ கிராஸ் மாத்துனப்பயும் டயரப் பாக்காத மெக்கானிக்குன்னும் சேத்துச் சொல்றேன்."

அருள்ஜோசப்பின் கை நின்றது. முகம் கருத்தது. பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்துவிடுவானோ என்று கரியப்பன் நினைத்தான். அந்த மூன்று தடவையும் பழைய கிராஸைத் தட்டி எடுத்துப் புதுசைத் தட்டிப் போட்டு அனுப்பியது அவனுக்கும் ஞாபகம் இருந்தது. இன்றைக்கு முன் டயரில் கை வைத்தபோது அவன் ஏன் தன்மேலேயே எரிந்துவிழுந்தவன் மாதிரி எழுந்தான் என்பது கரியப்பனுக்கு இப்போது புரிந்தது.

"சொல்லித் தொலையும் வே" என்றான் கடைசியில். "மொதல்ல இதப் பிடியும். கடைசி போல்ட்டு. எங் கை வழுக்குது, நெஞ்சுல விழுந்தா ரெண்டு பேரும் காலி."

கரியப்பன் இரண்டு கையாலும் ஷாஃப்டைத் தாங்கினான். கிரீஸ் பிசுபிசுத்தது. போல்ட் கழன்றதும் எடை முழுதும் இறங்கியது. இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காமல், அதை அங்குலம் அங்குலமாகத் தரைக்கு இறக்கினார்கள்.